ஆபீஸ் முடிந்த பிறகு ஒரு பிளைமவுத்

இரண்டு வருடத்துக்கு முன் வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தபோது ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கண்ணில் பட்டது. பழைய பிளைமவுத் கார் ஒன்று. மொத்த வண்டியும் தரையிலிருந்து எம்பி, யாரோ நாலு பக்கமும் ஜாக்கி வைத்து ஏற்றிவிட்டு மறந்து போன மாதிரி நிற்கிறது. எஞ்சின் இருக்க வேண்டிய இடத்திலிருந்து குழாய்கள் கொத்தாகக் கிளம்பி மேலே போகின்றன. அந்தக் கொத்தின் தலையில், டிரைவரின் முகத்துக்கு நேரே வருகிற உயரத்தில், கார்புரேட்டர்கள் உட்கார்ந்திருக்கின்றன. பக்கவாட்டில் நாதஸ்வரத்தின் அணசு போல வாய் விரிந்த புகைக்குழல்கள். வீட்டில் காட்டினேன். "என்னப்பா இது, தண்ணி லாரியா?" என்றாள் மகள்.

அது டிராக் ரேஸ் கார். 1959ல் அமெரிக்காவில் டெட்ராய்ட் பக்கம் ஓடியது. பெயர் 'ஹை அண்ட் மைட்டி'. ஆங்கிலத்தில் மேட்டிமை பிடித்தவனைச் சொல்கிற வார்த்தை. அதோடு வண்டியின் உயரத்தையும் சேர்த்துச் சொன்ன கிண்டல். செய்தவர்கள் கிறைஸ்லர் கம்பெனியில் வேலை பார்த்த இளம் எஞ்சினியர்கள். கம்பெனிக்காகச் செய்யவில்லை. வேலை முடிந்த பிறகு, கைக்காசு போட்டுச் செய்தார்கள்.

அன்றிலிருந்து இந்த வண்டியைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக் குறிப்பு எடுத்து வைத்திருந்தேன். படிக்கப் படிக்க, இதைப் பற்றி எல்லோரும் சொல்கிற கதை ஒன்று, காரியத்தைப் பார்த்தால் தெரிகிற கதை வேறொன்று என்று தோன்ற ஆரம்பித்தது. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

முதலில் டிராக் ரேஸ் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். விளக்கு அல்லது கொடி. நேராகக் கால் மைல், அதாவது 402 மீட்டர். முதலில் போய்ச் சேர்ந்தவர் ஜெயித்தார். வளைவு கிடையாது, இரண்டாவது சுற்று கிடையாது. கலிஃபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் பையன்கள் பழைய கார்களைப் பிரித்து மேய்ந்து ஓட்டியதில் முளைத்த விளையாட்டு இது. 1950ல் சான்டா அனா விமானத்தளத்தில் காசு வாங்கிக்கொண்டு ஒழுங்காக நடத்த ஆரம்பித்தார்கள். 1951ல் வாலி பார்க்ஸ் தேசிய அளவில் ஒரு சங்கம் அமைத்தார். அந்தச் சங்கத்தின் முதல் தேசியப் போட்டி 1955ல் கான்சஸ் மாநிலத்தின் கிரேட் பெண்ட் ஊரில் நடந்தது. அதுவும் போர்க்காலத்தில் கட்டிய விமான ஓடுதளம்தான். யுத்தம் முடிந்ததும் உலகம் முழுக்க இப்படி ஆளில்லாத நீளமான சிமெண்ட் தரை நிறைய மிஞ்சியது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் கார் ரேஸ் நடந்ததும் அப்படி மிஞ்சிய ஒரு ஓடுதளத்தில்தான்.

இனி டெட்ராய்ட்.

கிறைஸ்லருக்கு ஹைலண்ட் பார்க்கில் தலைமையகம். அங்கேயே சொந்தமாக ஒரு பொறியியல் கழகம் வைத்திருந்தார்கள். கல்லூரி முடித்து வருகிற பையன்களை எடுத்து, பாதி நேரம் பாடம், பாதி நேரம் ஒவ்வொரு துறையாகச் சுற்றி வேலை என்று இரண்டு வருடத்தில் முதுகலைப் பட்டம் கொடுத்தார்கள். இன்று எஞ்சின் ஆய்வகம், மூன்று மாதம் கழித்து கியர்பாக்ஸ், பிறகு சஸ்பென்ஷன். இதனால் ஒரே வகுப்பில் இருந்த பையன்களுக்குக் கம்பெனியின் எல்லாத் துறையிலும் ஆள் தெரியும். மதியச் சாப்பாட்டு மேஜையில் ஓட்டின காரைப் பற்றிப் பேசிப் பேசி, 1950களின் கடைசியில் ஒரு கிளப் ஆரம்பித்தார்கள். பெயர் ராம்சார்ஜர்ஸ். அதில் டாம் ஹூவர் என்று ஒருவர். இயற்பியல் படித்துவிட்டு எஞ்சின் பக்கம் வந்தவர். இவர் பெயரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனியே ஏன் ரேஸ் கார் செய்யவில்லை? செய்யக் கூடாது என்று 1957 ஜூனில் ஒரு முடிவு எடுத்திருந்தார்கள். அமெரிக்க கார் கம்பெனிகளின் சங்கம் கூடி, இனி எந்தக் கம்பெனியும் ரேஸில் இறங்காது, வேகத்தைக் காட்டி விளம்பரம் செய்யாது என்று தீர்மானம் போட்டது. 1955ல் பிரான்ஸின் லெ மான் ரேஸில் கார் பாய்ந்து எண்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்திருந்தார்கள். பொதுமக்களின் கோபம், அரசாங்கம் தலையிட்டுவிடுமோ என்ற பயம் எல்லாம் சேர்ந்து வந்த தீர்மானம். போகப் போக ஆளாளுக்குப் பின்வாசல் திறந்தார்கள் என்பது வேறு. ஆனால் 1958ல் ஹைலண்ட் பார்க்கில் உட்கார்ந்திருந்த ஓர் இளம் எஞ்சினியருக்கு நிலைமை இதுதான்: எஞ்சினைப் பற்றி உலகத்தில் மிக அதிகம் தெரிந்த கூட்டத்தில் ஒருவனாக இருக்கிறான், அதை வைத்து ரேஸ் ஓட்ட அவனை யாரும் கேட்க மாட்டார்கள்.

அவர்கள் தேர்ந்தெடுத்தது 1949 பிளைமவுத் பிசினஸ் கூப். அந்த வருடச் சின்ன பிளைமவுத் செடானின் தம்பி என்று சொல்லலாம். இரண்டு கதவு, பின்சீட்டே கிடையாது. ஊர் ஊராகச் சாமான் விற்கப் போகிறவர்கள் பெட்டிகளை அடுக்கிக்கொள்ள வசதியாகச் செய்தது. சாதுவான வண்டி. 97 குதிரைசக்தி. பத்து வருடப் பழசு என்பதால் மலிவாகக் கிடைத்தது.

அந்த வருடத்து கிறைஸ்லர் கம்பெனிக் கார்களைப் பற்றி இன்னொரு விஷயம். போட்டிக் கம்பெனிகள் எல்லாம் காரைத் தாழ்வாக, நீளமாகச் செய்ய ஆரம்பித்த காலத்தில் கிறைஸ்லர் தலைவர் கே. டி. கெல்லர் அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு மனுஷன் தொப்பியோடு உள்ளே உட்கார முடியணும் என்பது அவர் கட்சி. அதனால் வண்டிகள் நிமிர்ந்து, பெட்டி மாதிரி இருந்தன. விற்பனையில் இதற்காக அடி வாங்கினார்கள். கெல்லரின் தொப்பிக்காகச் செய்த உயரமான காரை, பத்து வருடம் கழித்து அதே கம்பெனிப் பையன்கள் இன்னும் உயரமாக்கினார்கள் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

எஞ்சின் 354 கன அங்குல ஹெமி. சுமார் 5.8 லிட்டர். எரியறையின் கூரை தேங்காய் மூடியைக் கவிழ்த்த மாதிரி அரைக்கோளமாக இருப்பதால் ஹெமி என்று பெயர். அப்படி இருந்தால் காற்று வருகிற வால்வை ஒரு பக்கமும் புகை போகிற வால்வை எதிர்ப்பக்கமும் வைக்கலாம். இரண்டையும் பெரிதாக வைக்கலாம். காற்று அதிகம் வளையாமல் உள்ளே வந்து வெளியே போகும். கிறைஸ்லர் இதை 1951ல் கொண்டுவந்தது. ஆனால் கனம் அதிகம், உள்ளே சாமான் அதிகம், செய்யச் செலவு அதிகம். 1958 மாடலோடு நிறுத்திவிட்டார்கள். ஆக 1959ல் இவர்கள் கையில் இருந்தது கம்பெனி கைவிட்ட பாடி, கம்பெனி கைவிட்ட எஞ்சின். புதுப்பேட்டையில் உலாவிய அனுபவம் உள்ளவர்களுக்கு இந்த நிலைமை புரியும்.

இனி அந்த உயரத்துக்கு வருவோம். நான் பி.இ. படித்தது மெக்கானிக்கல், சோறு போடுவது சாஃப்ட்வேர். இந்த ஒரு பத்திக்காவது படித்தது பயன்படட்டும்.

கார் பாய்ந்து கிளம்பும்போது அதன் எடை பின்பக்கம் சாய்கிறது. பஸ் திடீரென்று எடுத்தால் நின்றுகொண்டிருப்பவர்கள் பின்னால் சாய்வார்களே, அதே சங்கதி. எவ்வளவு எடை பின்னால் போகும் என்பது மூன்று விஷயத்தைப் பொறுத்தது: எவ்வளவு வேகமாகக் கிளம்புகிறது, எடையின் மையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, முன் பின் சக்கரங்களுக்கு நடுவே எவ்வளவு தூரம். ஒரு கணக்குக்காக 1400 கிலோ கார் என்று வைத்துக்கொள்வோம். சக்கர இடைவெளி 2.82 மீட்டர், அந்த பிளைமவுத்துக்கு அதுதான், 111 அங்குலம். புவியீர்ப்பில் 0.6 மடங்கு முடுக்கம். எடை மையம் அரை மீட்டர் உயரத்தில் இருந்தால் சுமார் 150 கிலோ பின்சக்கரத்துக்கு இடம் மாறும். அதையே 0.8 மீட்டருக்கு ஏற்றினால் சுமார் 240 கிலோ. தள்ளுவது பின்சக்கரம். அதன் மேல் எடை கூடினால் பிடி கூடும். நின்ற இடத்தில் டயர் சுற்றிப் புகை கிளப்புவதற்குப் பதில் வண்டி முன்னே போகும்.

இந்த எண்கள் என்னுடைய கற்பனை வண்டிக்கு, அவர்களுடைய வண்டிக்கு இல்லை. ஆனால் சங்கதி இதுதான். கார் என்றால் தாழ்வாக இருப்பதுதான் நல்லது என்று எல்லோருக்கும் தெரியும். வளைவில் அது உண்மை. கால் மைலில் வளைவே இல்லை. அன்றைய டயர்களுக்குப் பிடி மிகக் குறைவு. எஞ்சின் தருகிற சக்தியில் பாதியைக்கூடத் தரையில் இறக்க முடியாது. அப்படியானால் எஞ்சினை ஏற்று, பாடியை ஏற்று, எல்லாவற்றையும் ஏற்று. பார்க்க அசிங்கமாக இருந்தால் இருக்கட்டும்.

குழாய்க் கொத்துக்கும் இதே மாதிரி ஒரு காரணம் இருந்தது. காற்று வால்வு திறந்திருக்கும்போது குழாயில் காற்று ஓடி வருகிறது. வால்வு டக்கென்று மூடினால் ஓடி வந்த காற்று முட்டி நிற்கும், அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம் ஓர் அலையாகக் குழாயில் மேலே போய், திறந்த வாயில் பட்டு, முன்னும் பின்னுமாக ஒலியின் வேகத்தில் அலைந்துகொண்டிருக்கும். குழாயின் நீளத்தைச் சரியாக வைத்தால், அடுத்த தடவை வால்வு திறக்கிற சமயத்தில் அழுத்தமான அலை வாசலில் வந்து நிற்கும். ஊதுகிற இயந்திரம் எதுவும் இல்லாமலே கொஞ்சம் காற்று உபரியாக உள்ளே போகும். நீளமான குழாய் குறைந்த சுழற்சியில் உதவும், குட்டையான குழாய் அதிகச் சுழற்சியில். ராம் டியூனிங் என்று பெயர். கிளப்பின் பெயரே இதிலிருந்துதான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் குழாய்களில் இருந்த ரப்பர் ஹோஸ். நீளத்தைக் காகிதத்தில் கணக்குப் போடலாம். ஆனால் வால்வு நிஜமாக எப்போது மூடுகிறது, உள்ளே காற்றின் சூடு என்ன என்பதெல்லாம் கணக்கை ஏமாற்றும். உலோகத்தில் வார்த்துவிட்டால் முடிந்தது. நீளத்தை மாற்ற இன்னொரு வார்ப்பு வேண்டும். ஹோஸ் என்றால் கத்தியும் கிளாம்பும் போதும். நான் வேலை செய்கிற உலகத்தில் சொன்னால், மாற வேண்டிய எண்ணைக் கோடுக்குள் எழுதாமல் வெளியே கான்ஃபிக் ஃபைலில் வைக்கிற மாதிரி. புகைக்குழல்கள் எட்டும் தனித்தனியாக, வாய் விரிந்து இருந்ததற்கும் இதே அலைக்கணக்குதான் காரணம். இந்தப் பக்கம் அழுத்தம் குறைந்த அலை வந்து மிச்சப் புகையை வெளியே இழுக்க வேண்டும்.

1959 செப்டம்பர் ஆரம்பத்தில் தேசியப் போட்டி டெட்ராய்ட் டிராக்வேக்கு வந்தது. வீட்டு வாசலுக்கே வந்த மாதிரி. ஹை அண்ட் மைட்டி சி/ஆல்டர்டு என்ற வகுப்பில் ஓடியது. கண்டபடி மாற்றிய பாடிகளுக்கான வகுப்பு. எடையை எஞ்சின் கொள்ளளவால் வகுத்து ஏ, பி, சி என்று பிரிப்பார்கள். மொத்தப் போட்டியை ஜெயித்தது எலும்புக்கூடு மாதிரி நீண்ட ஒரு டிராக்ஸ்டர். அந்த இனத்தோடு மோத இந்தப் பெட்டி வரவும் இல்லை.

இதற்குப் பிறகு நடந்ததை வழக்கமாக இப்படிச் சொல்வார்கள். 1961ல் டாம் ஹூவர் கம்பெனியின் ரேஸ் எஞ்சின் வேலைக்குப் பொறுப்பாளர் ஆனார். 1962ல் 413 கன அங்குல மேக்ஸ் வெட்ஜ் எஞ்சின் வந்தது. டாட்ஜ் கார்களில் அதற்கு ராம்சார்ஜர் என்றே பெயர் வைத்தார்கள். பிறகு 426 ஹெமி. 1964 பிப்ரவரியில் டேடோனா 500 ரேஸில் முதல் மூன்று இடமும் ஹெமி பிளைமவுத்துகளுக்கு. ஜெயித்தவர் ரிச்சர்ட் பெட்டி. ஆக பழைய பிளைமவுத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது, கராஜில் முளைத்த யோசனை கம்பெனியையே மாற்றிவிட்டது. கேட்க நன்றாக இருக்கிறது. நானும் முதலில் இப்படித்தான் குறித்து வைத்திருந்தேன்.

ஆனால் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது சரியாக உட்காரவில்லை. 1960 மாடல் கிறைஸ்லர் 300எஃப் காரில் எஞ்சினுக்குக் குறுக்கே 30 அங்குலக் காற்றுக் குழாய்கள் வைத்து விற்றார்கள். கடையில் விற்கிற காரில் இப்படி ஒரு புதுச் சாமான் வர வேண்டுமானால் ஆய்வகத்தில் அதற்குப் பல வருடம் முன்பே வேலை ஆரம்பித்திருக்க வேண்டும். அதாவது ராம் டியூனிங் அறிவு கம்பெனியிலிருந்து கிளப்புக்குப் போயிருக்கிறது, கிளப்பிலிருந்து கம்பெனிக்கு வரவில்லை. ஹெமியும் அப்படித்தான். அரைக்கோள எரியறை கம்பெனியின் பழைய சொத்து. டேடோனாவில் ஜெயிக்க வேண்டும் என்று மேலிடம் முடிவு செய்தபோது, நன்றாகச் சுவாசிக்கிற எஞ்சின் எது என்று அங்கே எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அதைச் சொல்ல 1949 பிளைமவுத் தேவையில்லை.

அப்படியானால் இந்த வண்டி கம்பெனிக்கு எதைக் கொடுத்தது? என் அபிப்ராயத்தில், அந்த உயரத்தை. எஞ்சின் ஆய்வகத்தில் எஞ்சினை ஸ்டாண்டில் பூட்டி, டைனமோமீட்டரில் சக்தியை அளப்பார்கள். அங்கே டயர் கிடையாது. சக்தி இருக்கிறது, தரையில் இறங்கவில்லை என்கிற பிரச்னை அந்த அறையில் யாருக்கும் வராது. சனி ஞாயிறு கால் மைல் ஓட்டிப் பார்த்தவனுக்குத்தான் அது முதல் பிரச்னையாகத் தெரியும்.

அது எங்கே போய் முடிந்தது என்று பாருங்கள். 1965ல் கிறைஸ்லர் டிராக் ரேஸுக்கென்று கொஞ்சம் டாட்ஜ், பிளைமவுத் கார்களைத் தயாரித்தது. அவற்றில் பின்சக்கரத்தை 15 அங்குலமும் முன்சக்கரத்தை 10 அங்குலமும் முன்னால் நகர்த்தியிருந்தார்கள். இப்படிச் செய்தால் காரின் எடையில் பெரும்பங்கு, கிளம்புவதற்கு முன்பே பின்சக்கரத்தின் மேல் வந்துவிடும். பார்க்கக் கோணல்மாணலாக இருந்தது. ஏதோ வேடிக்கையான கார் என்று ஜனங்கள் சொல்லப்போக, 'ஃபன்னி கார்' என்கிற பெயரே ஒட்டிக்கொண்டது. இன்றும் அந்த விளையாட்டில் ஒரு வகுப்புக்கு அதுதான் பெயர். வாலி பார்க்ஸின் சங்கம் இவற்றைத் தன் வகுப்பில் சேர்க்க மறுத்தது. வேறு போட்டிகளில் ஓடின. கேள்வி 1959ல் கேட்ட அதே கேள்வி: பின்டயர் மேல் எடையை எப்படி ஏற்றுவது? அன்று காரை உயர்த்தினார்கள், இப்போது சக்கரத்தை நகர்த்தினார்கள். அசிங்கமாக இருந்தால் இருக்கட்டும் என்பதும் அதேதான். ஹை அண்ட் மைட்டியின் வாரிசு யார் என்று கேட்டால் நான் இந்தக் கோணல் கார்களைத்தான் காட்டுவேன், ஹெமி எஞ்சினை அல்ல.

டயர்கள் நல்லதானதும் உயரம் போய்விட்டது. பிடி கூடியபோது உயரமான கார் முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு நிற்க ஆரம்பித்தது. வீலி போடுவதில் வீணாகிற நேரத்தையும், திரும்பி விழுந்தால் உடைகிற சாமானையும் பார்த்து எல்லோரும் தாழ்வுக்குத் திரும்பினார்கள். இன்று ஒரு டிராக் கார் தரையோடு ஒட்டிப் படுத்திருப்பதைப் பார்த்துவிட்டு, பழைய படத்தைப் பார்த்து அந்தக் காலத்தில் தெரியாமல் செய்தார்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். 1959ம் வருடத்து டயரை மாட்டிக் கணக்குப் போட்டால் அப்படி எழுத மாட்டார்கள்.

ஒரு விஷயம் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. என் வேலை ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து உண்டு. ஆபீஸ் நேரத்துக்கு வெளியே, சொந்தக் கம்ப்யூட்டரில், கம்பெனியின் தொழிலோடு சம்பந்தப்பட்ட எதை எழுதினாலும் அது கம்பெனிக்குச் சொந்தம். கையெழுத்துப் போட்டபோது படிக்கவில்லை. பெரும்பாலான பேர் படித்திருக்க மாட்டார்கள். என் துறைக்குப் பக்கத்தில் ஒரு யோசனை ராத்திரி பதினோரு மணிக்கு வந்தால், அதைச் செய்து பார்க்கும் முன் இந்த ஷரத்து ஞாபகம் வருகிறது. பாதி நாள் அதோடு படுத்துவிடுகிறேன். ஹைலண்ட் பார்க் பையன்கள் கம்பெனியில் கற்றதை கம்பெனி வேண்டாம் என்ற காரியத்துக்குப் பயன்படுத்தினார்கள். மேலே இருந்தவர்கள் தடுக்கவில்லை, அதில் ஒருவரைப் பிறகு ரேஸ் எஞ்சினுக்கே பொறுப்பாக்கினார்கள். எல்லாக் கம்பெனியும் அப்படி இருக்கும் என்றில்லை. அன்றைக்கு அந்த ஒரு கம்பெனி அப்படி இருந்தது, அவ்வளவுதான் என்னால் சொல்ல முடிவது.

முதல் வண்டி இன்று இல்லை. சாமான்களைக் கழற்றி வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். ரேஸ் கார்களின் வழக்கமான முடிவு. கிளப்காரர்கள் வயதான பிறகு கூடி, படங்களையும் ஞாபகத்தையும் வைத்து அதே மாதிரி ஒன்றை மறுபடி செய்தார்கள். பழைய கார் கண்காட்சிகளில் வண்ணப் படமாகப் பார்ப்பது அந்த இரண்டாவது வண்டி. அதுவும் அதே மாதிரி எம்பித்தான் நிற்கிறது. மகளுக்கு அதையும் காட்டினேன். "கலரா பாத்தாலும் தண்ணி லாரி மாதிரிதான்ப்பா இருக்கு" என்றாள்.